இரண்டு கையும் வேண்டும்

அமிர்தசரஸ் பொற்கோயிலின் இலவச உணவுக்கூடமான லங்கரில் ரொட்டிக் கூடையோடு வந்தவர் என் முன்னால் வந்து நின்றார். வலது கையை நீட்டினேன். இடது கையில் செல்போன். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ரொட்டியைத் தரவில்லை. கோபப்படவும் இல்லை. கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, இன்னொரு உள்ளங்கையைக் குழித்துக் காட்டி, கண்ணால் என் இடது கையைப் பார்த்தார். எனக்கு விளங்க நாலைந்து நொடி ஆனது. போனை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். "பர்ஷாதா ஜி, வாஹேகுரு" என்றபடி மேலிருந்து ஒரு ரொட்டியைப் போட்டார். கை சுட்டது.

அங்கே ரொட்டி என்று சொல்வதில்லை, பர்ஷாதா. பிரசாதம்தான். பிரசாதத்தை ஒற்றைக் கையால் பறிப்பதுபோல் வாங்கக் கூடாது என்பது அந்த ஊர்ச் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. இது நடந்தது இரண்டாம் நாள். முதல் நாள் செய்த தவறுகள் தனிக்கதை.

டெல்லியில் ஒரு கல்யாணம். ஜனவரி முதல் வாரம். மதுரையிலிருந்து அவ்வளவு தூரம் போகிறோமே, இரண்டு நாள் சேர்த்து அமிர்தசரஸ் பொற்கோயிலையும் பார்த்துவிடலாம் என்று நானும் மனைவியும் திட்டம் போட்டோம். அம்மாவுக்கு எழுபது வயது, வலது முட்டி சரியாக மடங்காது. "சர்தார்ஜி கோயில்ல நமக்கு என்னய்யா வேலை?" என்றார். தங்கத்தைப் பார்க்கலாம் என்றேன். வேறு பதில் என்னிடம் இருக்கவில்லை, உண்மையும் அதுதான்.

டெல்லியிலிருந்து சதாப்தியில் ஆறு மணி நேரப் பயணம் என்பது கணக்கு. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். பனிமூட்டத்தில் ரயில் ஊர்ந்து நான்கு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தது. அன்று மாலைக்கு வேறு எதையும் முன்பதிவு செய்யாமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

தங்குமிடத்தில் ஏமாந்தோம். 'கோயில் தெரியும் அறை' என்று போட்டிருந்ததை நம்பிக் கூடுதலாக எண்ணூறு ரூபாய் கட்டியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மாடியின் தண்ணீர்த் தொட்டி. தலையை வெளியே நீட்டி இடது பக்கம் திருப்பினால், தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல்கடை அளவு தங்க நிறம். தெரிகிறதுதான், பொய்யென்று சொல்ல முடியாது. இதற்குப் பணம் கொடுக்காதீர்கள். கோயில் வளாகம் இரவெல்லாம் பத்து நிமிட நடையில் திறந்தே இருக்கும்போது ஜன்னல் எதற்கு? கோயில் நிர்வாகமே நடத்தும் சராய்கள் இருக்கின்றன. வாடகை குறைவு, விடுமுறை நாட்களில் கிடைப்பது கஷ்டம். அடுத்த முறை முதலில் அங்கேதான் கேட்பேன்.

வயதானவர்களோடு போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டவுன் ஹாலிலிருந்து கோயில் வரைக்கும் பாரம்பரியத் தெரு என்று 2016இல் அமைத்திருக்கிறார்கள். சிவப்புக் கல் முகப்புகள், குதிரைமேல் மகாராஜா ரஞ்சித் சிங் சிலை, எல்லாம் பார்க்க அழகு. ஆனால் வண்டிகள் அதற்கு முன்பே நின்றுவிடும், மீதி நடைதான். அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். கேட்டால் சக்கர நாற்காலி கிடைக்கும் என்று சொன்னார்கள். "எனக்கு என்ன ஆயிப்போச்சு?" என்று அம்மா முறைத்ததால் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அந்தத் தெரு முழுக்க, தலையில் கட்டும் துணியை விற்பவர்கள் பின்னாலேயே வருவார்கள். ஆரஞ்சு நிறம், வழவழ துணி. "இது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்" என்பார்கள். பாதி உண்மை. தலையை மூடாமல் யாரும் உள்ளே போக முடியாது, ஆணானாலும் பெண்ணானாலும். ஆனால் வாசலிலேயே கூடை நிறையத் துணி வைத்திருக்கிறார்கள், இலவசம். திரும்பும்போது போட்டுவிட்டு வரலாம். தெரியாமல் மூன்று வாங்கினேன். அந்த வழவழத் துணி பத்தடிக்கு ஒரு முறை நழுவியது. உள்ளே கையில் ஈட்டியோடு, நீல அங்கியும் தலைப்பாகையுமாக நிற்கும் சேவாதார் (கோயில் சேவகர்) ஒருவர் என் தலையைக் காட்டி இரண்டு முறை எச்சரித்தார். மறுநாள் பெட்டியைக் குடைந்து ஈரோட்டுத் துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினேன். அசையவே இல்லை. அதே சேவாதார் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார் என்று நினைக்கிறேன். அருகில் நின்றவருக்காகவும் இருக்கலாம். பெண்கள் துப்பட்டாவோ சேலைத் தலைப்போ போட்டுக்கொண்டால் போதும், ஒரு ஊக்கு இருந்தால் நல்லது.

செருப்புகளை ஜோடா கர் என்ற இடத்தில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும், காசு கிடையாது. காலுறையையும் கழற்றவேண்டும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கவுண்ட்டருக்கு உள்ளே நின்று செருப்பு வாங்கியவர் மூக்குக்கண்ணாடியும் நல்ல கம்பளிக் கோட்டுமாக ஏதோ வங்கி மேலாளர் மாதிரி இருந்தார். என்னுடைய சேறு அப்பிய ஷூவை இரண்டு கையாலும் வாங்கினார். பின்னால் இன்னொருவர் யாருடைய செருப்பையோ துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை, சேவைக்கு வந்தவர்கள்.

வாசலில் கால் நனைக்க ஒரு ஆழமில்லாத நீரோடை. தாண்டிப் போகவே முடியாது, மிதித்துத்தான் போகவேண்டும். ஐந்து டிகிரிக் குளிரில் அந்தத் தண்ணீரில் கால் வைத்தபோது அம்மா விட்ட சத்தத்துக்கு முன்னால் போன குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பளிங்குத் தரை அதற்குமேல் ஜில்லென்று இருந்தது. நடக்கும் பாதையில் விரிப்பு போட்டிருக்கிறார்கள், அதை விட்டு இறங்காதீர்கள்.

நம் ஊர்க் கோயில் என்றால் கோபுரம் நான்கு மைல் தூரத்திலிருந்தே கூப்பிடும். இங்கே வாசலுக்கு வரும்வரை ஒன்றும் தெரியாது. உள்ளே போனதும் படி கீழே இறங்குகிறது. இறங்கும்போதுதான் குளமும், நடுவில் அந்தத் தங்கக் கட்டடமும் கண்ணில் படும். நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. நான்கு திசையிலும் வாசல், யாரும் எந்தப் பக்கமிருந்தும் வரலாம் என்பதற்காக. அம்மா தங்கத்தைப் பார்க்கவில்லை, குளத்தைப் பார்த்தார். "நம்ம பொற்றாமரைக் குளத்தைவிடப் பெரிசா இருக்கே. தண்ணியும் இருக்கு, மீனும் இருக்கு."

ஊருக்குப் பேர் வந்ததே அந்தக் குளத்தால். அமிர்த சரஸ், அமிர்தக் குளம். சீக்கியர்களின் நான்காம் குரு ராம் தாஸ் 1577இல் வெட்டத் தொடங்கியது. ஐந்தாம் குரு அர்ஜன் காலத்தில் நடுவில் கோயில் எழுந்தது, 1604இல் அவர்களுடைய புனித நூலான ஆதி கிரந்தம் அங்கே வைக்கப்பட்டது. தங்கம் எல்லாம் ரொம்பப் பின்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஞ்சித் சிங் கொடுத்தது. செப்புத் தகட்டின்மேல் பூசிய பொன். நடுவில் 1762இல் ஆப்கானிய மன்னன் அகமது ஷா அப்தாலி வெடிமருந்து வைத்துக் கோயிலைத் தகர்த்தான். திரும்பக் கட்டினார்கள். கோயிலுக்கு எதிரே நிற்கும் அகால் தக்த், சீக்கியர்களின் தலைமைப் பீடம், ஆறாம் குரு 1606இல் நிறுவியது. 1984 ஜூனில் நடந்த ராணுவ நடவடிக்கையில் அது சிதைந்தது, இப்போது நிற்பது மறுபடி கட்டியது. ஜூன் முதல் வாரத்தில் நினைவு நாளையொட்டி அங்கே கூட்டமும் கெடுபிடியும் அதிகம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. குளத்தின் நடுவே போகும் பாலத்துக்கு வரிசை எவ்வளவு என்று கேட்டேன். இரண்டரை மணி நேரம் என்றார்கள். மதுரைக்காரன் புத்தி, சிறப்பு தரிசனச் சீட்டு எங்கே கொடுக்கிறார்கள் என்று மனைவியிடம் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை. காசு கொடுத்து முன்னால் போகும் வழியே கிடையாது. சரி என்று குளத்தை மட்டும் வலம் வந்தோம். பாதி வழியில் அம்மாவுக்கு முட்டி வலி. குளத்தைப் பார்த்து உட்கார்ந்து காலை நீட்டினார். ஒரு சேவாதார் வந்து குனிந்து, "மாதாஜி" என்று மெல்லச் சொல்லிக் காலைக் காட்டினார். கோயிலைப் பார்த்துக் கால் நீட்டக் கூடாது. அம்மாவுக்கு மொழிதான் தெரியாது, விஷயம் உடனே புரிந்துவிட்டது. நம்மூரிலும் சாமி பக்கம் யார் கால் நீட்டுகிறார்கள்? தூணில் சாய்த்துக் கரைக்கு இணையாக உட்கார வைத்தேன். முட்டி மடங்காதவர்களுக்கு அதுதான் வழி.

உட்கார்ந்ததும் நல்லதாயிற்று. ஒலிபெருக்கியில் கீர்த்தனம் அதிகாலையிலிருந்து இரவு வரை நிற்பதே இல்லை, ஆர்மோனியமும் தபலாவும் இரண்டு மூன்று குரல்களும். பாடும் வரிகள் சுற்றிலும் இருக்கும் திரைகளில் பொருளோடு ஓடுகின்றன. கிரந்தத்தில் குருக்களின் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாசர், சூஃபி ஷேக் ஃபரீத் பாடல்களும் இருக்கின்றன. இரவு ஒன்பதரை வாக்கில் திடீரென்று கூட்டம் எழுந்தது. கிரந்தத்தைத் தங்கப் பல்லக்கில் வைத்து, பூத்தூவி, அகால் தக்த்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இரவு அதற்கு ஓய்வு. ஆண்கள் பல்லக்குக் கொம்பில் ஒரு நொடியாவது தோள் கொடுக்க முண்டியடித்தார்கள்.

"பள்ளியறைக்குக் கொண்டுபோறாங்க" என்றார் அம்மா. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பகல் வரிசைக்குப் பயந்து மறுநாள் அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். பொற்கோயிலுக்குப் போகும் யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: தூக்கத்தைப் பார்க்காதீர்கள், திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள், விடியுமுன் போய் நில்லுங்கள். எங்களுக்கு நாற்பது நிமிடம். குளத்தின்மேல் பனிப்புகை, அதற்குள் விளக்கொளியில் கோயில். போட்டோ எடுக்கலாம் என்று கை போனது. பாலம் தொடங்கும் இடத்துக்கு அப்பால் படம் எடுக்க அனுமதி இல்லை, போன் பைக்குள் போனது. கையில் கடா பிரசாதம் வேறு இருந்தது. விரும்பிய தொகைக்கு முன்பே வாங்கிக்கொண்டு போகலாம், இலைத் தொன்னையில் தருகிறார்கள். கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம அளவு போட்டுக் கிண்டியது. ஒரு பகுதியை அங்கே வாங்கிக்கொண்டு மீதியை நம்மிடம் தருகிறார்கள். வாங்கிக்கொண்டது, தொன்னை வாங்காமல் வருகிறவர்கள் கைக்கும் போய்ச் சேர்கிறது. கர்ச்சீப்பை எடுத்து விரலைத் துடைக்கப்போன என்னை அம்மா தடுத்தார். "பிரசாத நெய்யைத் துடைப்பாங்களா? கையில தேச்சுக்க." பக்கத்திலிருந்த பஞ்சாபிப் பெரியவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

உள்ளே நுழைந்ததும் அம்மா என் காதில் கேட்டார். "ஏய்யா, சாமி எங்க?"

பட்டு விதானத்துக்குக் கீழே கிரந்தம் விரித்திருந்தது, பின்னால் உட்கார்ந்தவர் கவரி வீசிக்கொண்டிருந்தார். "அந்தப் புத்தகம்தாம்மா. அதுதான் குரு." அம்மா ஒரு நிமிடம் பார்த்தார். கவரியைப் பார்த்தார். "சரி" என்றார். மடங்காத முட்டியை எப்படியோ சமாளித்து நெற்றி தரையில் படக் கும்பிட்டார். நான் அரைகுறையாகக் குனிந்து எழுந்தேன்.

பெரும்பாலானவர்கள் கும்பிட்டதும் வெளியே வந்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மாடிக்குப் படிக்கட்டு இருக்கிறது, குறுகல், செங்குத்து, முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது. மேலே ஓரமாக உட்கார்ந்து கீழே பாடுகிறவர்களைப் பார்த்தபடி எவ்வளவு நேரமும் கேட்கலாம். மனைவி அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாள். நானும் அம்மாவும் பின்பக்கப் படித்துறையில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு காத்திருந்தோம்.

அப்புறம்தான் லங்கர், மேலே சொன்ன ரொட்டிக் கதை. தினமும் 50,000 பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள், விடுமுறையில் லட்சத்தைத் தொடும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இரவு பகல் மூடுவதில்லை. வாசலில் தட்டு, கிண்ணம், கரண்டி கொடுக்கிறார்கள். தரையில் நீளப் பாயில் வரிசை வரிசையாக உட்கார வேண்டும். இந்த வரிசைக்கு அவர்கள் சொல்வது 'பங்கத்'. நம்முடைய 'பந்தி'யும் அதே 'பங்க்தி'யிலிருந்து வந்ததுதான். ஆனால் பந்திக்கு முந்து என்ற நம் பழமொழிக்கு அங்கே வேலையில்லை. அக்பரே மூன்றாம் குரு அமர் தாசைப் பார்க்க வந்தபோது முதலில் பந்தியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார் என்று ஒரு மரபுச் செய்தி உண்டு. பருப்பு, ஒரு காய், ரொட்டி, பால் பாயசம் மாதிரி கீர். கிண்ணம் தண்ணீருக்கு என்று தெரியாமல் நான் அதில் கீர் வாங்கிவிட்டுத் தண்ணீர்க்காரர் வந்தபோது விழித்தேன். எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். தட்டில் மீதி வைத்தால் மட்டும் பார்வை மாறும்.

சாப்பிட்டு எழுந்து தட்டைக் கொடுக்கும் இடத்தில் காது அடைக்கிறது. ஆயிரக்கணக்கான எவர்சில்வர் தட்டுகள் கை மாறிக் கை மாறித் தொட்டிக்குள் விழும் சத்தம். அதைத் தாண்டினால் காய் நறுக்குமிடம். ஒரு பெரிய விரிப்பில் பூண்டு மலை மாதிரி கொட்டிக் கிடந்தது, சுற்றிலும் பெண்கள். அம்மா நின்றுவிட்டார். நான் ரயில் நேரத்தைப் பார்த்தேன், ஜாலியன்வாலா பாக் வேறு மிச்சமிருந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா உட்கார்ந்தாயிற்று. யாரும் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.

எதிரே இருந்த பாட்டி கத்தி ஒன்றை நீட்டினார். அம்மா வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, பூண்டைத் தரையில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தி, கட்டைவிரல் நகத்தால் நுனியைக் கிள்ளித் தோலை ஒரே இழுப்பில் உரித்தார். இத்தனை வருடம் சின்ன வெங்காயம் உரித்த கை. பாட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதே மாதிரி செய்து பார்த்தார், வரவில்லை. இன்னொரு முறை அம்மா மெதுவாகச் செய்து காட்டினார். "இப்படி, இப்படி" என்று அம்மா தமிழில் சொல்ல, அவர் பஞ்சாபியில் ஏதோ சொல்ல, கொஞ்ச நேரத்தில் நான்கு பேர் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார்கள். வாங்கப்பா, நீங்களும் உட்காருங்கள் என்று யாரோ கைகாட்ட, நானும் மனைவியும் உட்கார்ந்தோம். என் வேகத்தைப் பார்த்து என் குவியலில் பாதியை அந்தப் பாட்டியே இழுத்துக்கொண்டார்.

படமெடுக்க நினைத்தேன். இரண்டு கையிலும் பூண்டுத் தோல் ஒட்டியிருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு என்னிடம் ஒரு போட்டோகூடக் கிடையாது.

இதனால் ஜாலியன்வாலா பாகுக்குக் கிடைத்தது அரைமணிதான். கோயிலிலிருந்து சில நிமிட நடை. 1919 ஏப்ரல் 13 அன்று துருப்புகள் உள்ளே வந்த குறுகலான சந்து வழியாகத்தான் இன்றும் போகிறோம். இப்போது சுவரில் சிற்பங்கள் வைத்து அலங்கரித்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, அந்தச் சந்தின் இறுக்கம் போய்விட்டது. குண்டு துளைத்த சுவரும் கிணறும் இருக்கின்றன. 1,650 குண்டுகள் சுட்டதாக, சுட உத்தரவிட்ட ஆங்கிலேய அதிகாரி டயரே ஒப்புக்கொண்ட கணக்கு. நீங்கள் போனால் இதைத் தனியாக ஒரு காலைப்பொழுதில் வைத்துக்கொள்ளுங்கள், எங்களைப்போலப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பார்க்காதீர்கள். இரண்டு நாள் போதாது, மூன்று வேண்டும். குளிரைத் தாங்கமாட்டோம் என்பவர்களுக்கு பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் சரி. கோடையில் அந்தப் பளிங்கு காலைப் பொசுக்கிவிடும் என்று ஆட்டோக்காரர் சொன்னார்.

திரும்பும் ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. லூதியானா தாண்டியதும் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. அம்மா பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு விரல்களை முகர்ந்து பார்த்தார். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் பூண்டு வாசனை போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஒரே பனி.

"ஏய்யா," என்றார், "நாம எந்திரிக்கும்போது இன்னொரு மூட்டை கொண்டாந்து கொட்டினாங்கள்ல, அதை உரிச்சு முடிச்சிருப்பாங்களா?"